ஒருத்திக்கு எவ்வளவு கறி?

கொடைக்கானல்,
ஐப்பசி கடைசி வாரம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. மழையில் உறையின் ஓரத்து மை கரைந்திருந்தாலும் உள்ளே ஒரு வரிகூட அழியவில்லை. மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று படித்து மகிழ்ந்தேன். அவன் புறப்பட்ட நாளிலிருந்து உன் இரவுச் சாப்பாடு தயிர்ச்சோறும் ஊறுகாயுமாகச் சுருங்கிவிட்டது என்றும், கறிக்கு ஆசை வந்தால் ஓட்டலில் பொட்டலம் வாங்கி அதிலும் பாதியை மறுநாள் கொட்டுவதாகவும் அடுத்த பத்தியில் நீ எழுதியிருந்ததைப் படித்தபோது, இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் இருந்த இருப்பை யாரோ எழுதி அனுப்பியது போல இருந்தது. வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவள் ஒற்றை ஆளுக்காகக் கறி வாங்கி, கழுவி, மசாலா அரைத்து, வேகவைத்து எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறாய். 11 ஆண்டுகளாக இதையே செய்துகொண்டிருப்பவள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நம் கைக்குப் பழகிய அளவு அம்மாக்களின் அளவு. எங்கள் வீட்டில் எட்டுப் பேர், உங்கள் வீட்டில் ஆறு பேர். அரைக் கிலோவுக்குக் குறைந்தால் குழம்புக்கு ருசி வராது என்று நம் இருவர் வீட்டிலும் சொல்வார்கள். முதல் ஆண்டில் நானும் அதே நினைப்பில் ஞாயிறன்று அரைக் கிலோ ஆட்டுக்கறியில் குழம்பு வைத்து, திங்கள் இரவு சூடாக்கி, செவ்வாய் இரவும் சூடாக்கி, புதன்கிழமை அந்தச் சட்டியைத் திறக்கவே மனமில்லாமல் ரொட்டியும் டீயும் சாப்பிட்டுப் படுத்தேன். சமைக்கச் சோம்பலாகிவிட்டோம் என்று என்னையே கடிந்துகொண்டேன். உண்மையில் கோளாறு அடுப்படியில் இல்லை, கறிக்கடையில் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. ஒருத்திக்கு ஒரு வேளைக்கு எலும்பில்லாமல் 100 முதல் 150 கிராம் கறி தாராளம். அதைக் கடையில் வாய் திறந்து கேட்கத்தான் நாக்கூசியது. ஒருநாள் துணிந்து 150 கிராம் கொத்துக்கறி கேட்டபோது, எங்கள் கறிக்கடை பாய் தராசை நிறுத்திவிட்டு, "பூனை வளர்க்கிறீங்களா அக்கா?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

அதன்பின் என் கொள்முதலே மாறிவிட்டது. மாதத்தில் இரண்டு ஞாயிறுகளில், சந்தைக்குக் காய் வாங்கப் போகும்போதே கறிக்கடைக்கும் போய், அரைக் கிலோ கொத்துக்கறி, எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறி அரைக் கிலோ, 100 கிராம் ஈரல் என்று வாங்கிவிடுகிறேன். ஈரலை அன்றிரவே சமைத்துவிடுவேன். மற்றவற்றை 150 கிராம் அளவில் பிரித்து, ஒவ்வொன்றையும் சிறிய பிளாஸ்டிக் கவரில் போட்டு, உள்ளங்கையால் தட்டி அடை போலத் தட்டையாக்கி ஃப்ரீசரில் அடுக்குவேன். தட்டையாக்குவதை மட்டும் விட்டுவிடாதே. உருண்டையாக உறைந்த கறி மணிக்கணக்கில் இளகாது. அடை போல உறைந்தது, கவரோடு பச்சைத் தண்ணீரில் போட்டால் நான் முகம் கழுவி, உடை மாற்றி, டீ குடித்து முடிப்பதற்குள் இளகிவிடும். காலையிலேயே நினைவு வந்தால் ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. மேடைமேல் வெளியே வைத்துவிட்டுப் போகாதே. உன் திருச்சி வெயிலில் உனக்கு இதைச் சொல்லவே வேண்டாம். என்னைப் போன்ற மலைவாசிகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்கழிக் குளிரில் சமையலறையே ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கிறதே என்ற தைரியத்தில் ஒரு முறை கொத்துக்கறியை இரவு முழுவதும் வெளியே வைத்துவிட்டேன். காலையில் மூடியைத் திறந்ததும் மூக்கு பதில் சொல்லிவிட்டது. ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி என்றால் என் சமையலறை அன்று 10 டிகிரியாவது இருந்திருக்கும். 5 டிகிரியைத் தாண்டினாலே கிருமிகள் பெருகத் தொடங்கிவிடுகின்றன. கொத்துக்கறியில் கறியின் உட்புறமெல்லாம் வெளிப்புறமாகிவிடுவதால் அது துண்டுக்கறியைவிட விரைவில் கெடும்.

இனி, இந்த மலை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்று. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,133 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது; அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் அதற்குமேல் சூடாகாது. ஆட்டுக்கறியில் தசையைப் பிணைத்திருக்கும் சவ்வு இளகிக் கூழாவதற்குச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். சூடு 7 டிகிரி குறைந்தால் நேரம் எங்கேயோ போய்விடுகிறது. வந்த புதிதில் சட்டியில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டும் வேகாத கறியை மென்றபடி, கிழட்டு ஆட்டை என் தலையில் கட்டிவிட்டாரே என்று பாயைத் திட்டியிருக்கிறேன். பாவம், அவர்மேல் ஒரு தவறும் இல்லை. குக்கர் அழுத்தத்தைக் கூட்டி இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்கிறது என்றாலும், கீழே 120 டிகிரியைத் தொடும் அதே குக்கர் இங்கே மூன்று நான்கு டிகிரி முன்னதாகவே நின்றுவிடும். அம்மா ஆறு விசில் என்று சொன்னால் நான் எட்டு அல்லது ஒன்பது வைக்கிறேன்.

ஆனால் எண்ணெய்க்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. திருச்சியில் காயும் சூட்டுக்கே இங்கும் காயும். இதை உணர்ந்த நாளில்தான் என் வார நாள் சமையல் சீரானது. மலையில் தண்ணீர் கைவிடும், எண்ணெய் கைவிடாது. ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை நான் குழம்பு வைப்பதே இல்லை. வாணலியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வதங்கி முடியக்கூடியவை மட்டும்தான். உனக்குத் தண்ணீர்க் கவலை இல்லாவிட்டாலும் நேரக் கவலை இருக்கிறதே, உனக்கும் இதுவே பொருந்தும்.

கொத்துக்கறியை நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, ஈரம் வடித்த 150 கிராம் கறியைப் பரப்பிவிட்டு, இரண்டு நிமிடம் கரண்டியையே எடுக்காமல் நிற்பேன். இதுதான் கடினமான பகுதி. நம் கை சும்மா இருக்காது, கிண்டத் துடிக்கும். கிண்டினால் கறி நீர் விட்டு, அந்த நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். விட்டுவிட்டால் அடிப்பக்கம் சிவந்து, வாசனை வாசல் வரை போகும். சிறிய வாணலியில் கறியைக் குவித்தாலும் இதே கெடுதல்தான். ஒற்றை ஆள்தானே என்று சின்ன வாணலி எடுக்காதே, அகலமானதை எடு. பிறகு கறியை ஓரமாக ஒதுக்கி, நடுவில் பத்துச் சின்ன வெங்காயம், நான்கு பல் மலைப்பூண்டு, கறிவேப்பிலை போட்டு வதக்கி, மஞ்சள், உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகு சீரகப் பொடி சேர்த்துப் புரட்டி, பொடியாக நறுக்கிய கேரட் ஒரு கைப்பிடி போட்டு, நான்கைந்து நிமிடம் மூடிவைத்தால் முடிந்தது. மிளகு தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து வருவது. பூண்டு பூம்பாறையில் விளைந்தது; 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான். பல் சிறியது, காரம் பெரியது. உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பூண்டாக இருந்தால் எட்டுப் பல் போடு. பொரியலுக்கு ஆகும் உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாக இதில் போட்டுவிடலாம் என்று நினைத்து ஒரு முறை ஏமாந்தேன். கறி வெந்து அரை மணி கழித்தும் கிழங்கு வேகவில்லை. இப்போது துருவிப் போடுகிறேன்.

இதைச் சூடான சோற்றில் பிசைந்தும் சாப்பிடலாம், சப்பாத்திக்கும் வைத்துக்கொள்ளலாம். நான் பெரும்பாலும் பேக்கரி ரொட்டி இரண்டு துண்டுகளைக் கறி எடுத்த அதே வாணலியில் புரட்டிச் சாப்பிடுகிறேன். ஒட்டியிருக்கும் மசாலா ரொட்டிக்கு வந்துவிடுவதால் வாணலி கழுவும் வேலையும் பாதியாகிறது.

கோழித் தொடைக்கறி இன்னும் எளிது. நெஞ்சுக்கறியை வாங்காதே, ஒரு நிமிடம் கூடினாலும் வறண்டு பஞ்சாகிவிடும். தொடையில் கொழுப்பு இருப்பதால் நம் கவனக்குறைவை மன்னிக்கும். அரை விரல் கனத்துக்குச் சீவி, உப்பு, மிளகாய்த்தூள், ஒரு கரண்டி தயிர் பிசிறிவைத்து, எட்டு நிமிடம் புரட்டி எடுத்தால் போதும். கோழி உள்ளே 74 டிகிரி வரை சூடாக வேண்டும் என்பது விதி. மெல்லியதாகச் சீவுவதே அதற்குத்தான். இருந்தாலும் கனமான துண்டு ஒன்றைப் பிளந்து பார்க்காமல் அடுப்பை அணைக்க மாட்டேன். ஈரலுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதே, செருப்பாகிவிடும். உப்பைக் கடைசியில் போடும் அம்மாவின் வழக்கத்தை நானும் மாற்றவில்லை. இரும்புச்சத்துக்கு நல்லதென்று அடிக்கடி தின்னவும் கூடாது. வைட்டமின் ஏ அதில் ஏராளம் என்பதால் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

எலும்புக்கறி ஆசை இல்லாமலா போகும்? அதற்கு மழை கொட்டும் ஞாயிறு ஒன்றை ஒதுக்குகிறேன். அரைக் கிலோ நெஞ்செலும்பை உப்பு, மஞ்சள், இஞ்சி மட்டும் போட்டுக் குக்கரில் வேகவைத்து, சாறோடு மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை அன்றே மிளகு ரசம் போலக் குடித்துவிட்டு மற்ற இரண்டையும் ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். மசாலா சேர்க்காமல் வைப்பதுதான் சூட்சுமம். மசாலா சேர்த்தால் மூன்று நாளும் ஒரே குழம்பு. சேர்க்காமல் வைத்தால் ஒரு நாள் சுக்கா, இன்னொரு நாள் அரிசியைப் போட்டுப் பொங்கி ஒரு கறிச்சோறு. புதன்கிழமைச் சட்டியைக் கண்டு நான் ஓடிய காலத்தில் இது தெரிந்திருக்கலாம்.

மன்னவனூர் முயல் பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் 1965-இலிருந்து இருக்கிறது. பாரத் மெரினோ செம்மறிகளோடு முயலும் வளர்க்கிறார்கள். முயல்கறி நான் ஒரே ஒரு முறைதான் வாங்கினேன். கொழுப்பே இல்லாததால் வாணலியில் வறண்டுபோனது. முழு முயல் ஒருத்திக்கு அதிகமும்கூட. நீ வரும்போது இருவருமாகக் குழம்பு வைத்துப் பார்ப்போம்.

ஃப்ரீசரை நம்பி ஒரு மாதத்துக்கு வாங்கி அடுக்கிவிடாதே. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் மரங்களைச் சாய்த்தபோது மின்சாரம் போய், இரண்டாம் நாள் கவர்களெல்லாம் தொளதொளவென்று ஆகத் தொடங்கின. நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள்தான். உள்ளே ஐஸ் மிச்சமிருக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே சட்டியில் சமைத்து அக்கம்பக்கத்தாரை அழைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தவரை இந்தத் தெருவில் அன்று சாப்பிட்டதுபோல யாரும் சாப்பிட்டதில்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு மேல் சேர்ப்பதில்லை.

மற்றபடி என் செய்திகள் சொற்பம். முழங்கால் வலி குளிருக்கு எட்டிப் பார்க்கிறது. பள்ளி அலுவலகக் கணக்கு வேலை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு உண்டு. இருட்டுவதற்கு முன்பே வீடு சேர்ந்துவிடுகிறேன். சென்ற வாரம் காட்டுமாடு ஒன்று என் வாசற்கதவை மறித்து நின்றுகொண்டு, நான் கையில் கறிப் பையோடு முக்கால் மணி நேரம் எதிர்வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும்படி ஆயிற்று.

தை மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். ஸ்வெட்டர் என்னிடம் இரண்டு இருக்கின்றன, நீ வாங்க வேண்டாம். அதற்குப் பதிலாகப் பெரிய கடை வீதியில் என் இரண்டு லிட்டர் குக்கருக்கு ஒரு கேஸ்கட் வாங்கி வா. இந்த ஊரில் ஐந்து லிட்டருக்குத்தான் கிடைக்கிறது. இரண்டு லிட்டர் என்று கேட்டால் கடைக்காரரும் பாயைப் போலவே என்னைப் பார்க்கிறார். பழையதை அளந்து, நூலில் முடிச்சிட்டு இக்கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

விடுதியில் நீ வைத்த பெயராலேயே,
உன் நெட்டை.