எடை குறைக்கும் உணவு என்று எழுதினால் அளவையும் சேர்த்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் எடை குறைய உதவும் உணவுகள் என்று இரண்டு பக்கத்துக்குப் படத்தோடு போட்டிருந்தீர்கள். கேழ்வரகு, சாமை, கொள்ளு, ஓட்ஸ், தேன், பட்டர் ஃப்ரூட், செக்கு எண்ணெய் என்று வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் என்ன சத்து இருக்கிறது என்று விளக்கியிருந்தார்கள். எழுதியதில் பொய் என்று ஒன்றும் இல்லை. ஆனால் கடைசி வரிவரை படித்தும் இதில் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. எத்தனை கரண்டி, எத்தனை உருண்டை, எத்தனை ஸ்பூன், எதுவுமே இல்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதே அதற்காகத்தான்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அளந்து போடுவதுதான் எங்கள் வேலை. தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் 150 கிராம். அந்த 100 கிராம் அரிசி வெந்தால் கால் கிலோவுக்கு மேலேயே சோறாகும், ஓடியாடி விளையாடுகிற பிள்ளைக்கு அது வயிறு நிறையும் அளவு. எங்கள் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தில் கொலுசு வேலை பார்க்கிறவர்களும், கடையில் கல்லாவை விட்டு எழுந்திருக்க முடியாதவர்களும், என்னைப் போல வீட்டோடு இருக்கிறவர்களும் மதியம் அதைவிடக் கூடுதலாகத்தான் சாப்பிடுகிறோம், அதுவும் கண் அளவில், குண்டானில் மிச்சம் வைக்கக் கூடாது என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு. பிள்ளைகளுக்கு அளவு வைத்த அரசாங்கம் பெரியவர்களுக்கும் வைத்துக் கொடுக்காது, அதை வீட்டில் நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பத்திரிகை உதவ முடியும் என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண், தறிக்காரர் வீடு. "அக்கா, ராத்திரி சோறு தொட்டே மூணு மாசம் ஆச்சு, ராகிக் களிதான் சாப்பிடறேன், ஒரு கிலோகூட இறங்கலியே, தைராய்டா இருக்குமோ" என்று என்னிடம் கேட்டாள். பரிசோதனை செய்தாள், தைராய்டு இல்லை. எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். பெரிய உருண்டையாக இரண்டு, மேலே அவரைக்கொட்டைக் குழம்பு, கேழ்வரகு உடம்புக்கு நல்லது என்பதால் காலையிலும் வெல்லம் கரைத்து ஒரு சொம்பு ராகிக் கஞ்சி. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி இருக்கிறது என்றால் 100 கிராம் கேழ்வரகில் சுமார் 320. அவ்வளவுதான் வித்தியாசம். கேழ்வரகில் நார்ச்சத்து கூடுதல், சுண்ணாம்புச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு, பசியும் கொஞ்சம் தாங்கும், எல்லாம் உண்மை, நானும் சாப்பிடுகிறேன். ஆனால் அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கேழ்வரகை வைத்தால் உடம்புக்குள் போகிற கணக்கு பெரிதாக மாறுவதில்லை. அவள் ஒரு உருண்டையோடு நிறுத்தி, இன்னொரு உருண்டை இருந்த இடத்தில் கீரைக் கடைசலும் புடலங்காய்ப் பொரியலும் வைத்துக்கொண்ட பிறகுதான் எடை இறங்க ஆரம்பித்தது, அதுவும் மெதுவாகத்தான்.

கொள்ளும் இப்படித்தான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சொன்னதை யாரும் மறுக்க வேண்டாம், புரதமும் நாரும் உள்ள நல்ல பயறு அது. ஆனால் வழக்கமான சாப்பாட்டில் எதையும் குறைக்காமல் கடைசியில் கொள்ளு ரசம் ஊற்றி இன்னும் இரண்டு கரண்டி சோறு சாப்பிட்டால் கொள்ளு என்ன செய்யும்?

இது அழகு பற்றிய பேச்சு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காடும் ஆண்களில் 37 விழுக்காடும் இருக்க வேண்டிய எடையைவிடக் கூடுதலாக இருக்கிறார்கள். 2015-16 கணக்கெடுப்பில் இது 30.9, 28.2 என்றுதான் இருந்தது. சில வருடங்களுக்குள் இவ்வளவு ஏறியிருக்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி என்று அதற்குப் பின்னால் வருவதெல்லாம் நம் வீடுகளில் தெரிந்த கதைதான். அதிலும் நம் ஆட்களுக்கு வயிற்றில்தான் சேருகிறது. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். எடை மெஷின் இல்லாத வீட்டிலும் தையல் டேப் இருக்கும், தொப்புள் மட்டத்தில் வைத்து ஒரு முறை அளந்து பாருங்கள்.

அப்புறம் எண்ணெய். செக்கில் ஆட்டிய கடலையெண்ணெய் சுத்தமானது, வாசனையாகவும் இருக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த எண்ணெயாக இருந்தாலும், தேங்காயோ கடலையோ நல்லெண்ணெயோ, ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். ஒரு பெரிய ஸ்பூன், அதாவது 15 மில்லி ஊற்றினால் 120 கலோரிக்கு மேல். செக்கு எண்ணெய் நல்லது என்று கேள்விப்பட்ட வீடுகளில் தோசைக்குச் சுற்றி ஊற்றுவது கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. எடை குறைய வேண்டியவர்களுக்கு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும் என்று டாக்டர்கள் பொதுவாகச் சொல்வார்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறோம் என்று மளிகைச் சீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் இவையும் அதே மாதிரிதான். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு காபியில் கருப்பட்டியை இரண்டு மடங்கு போடுகிறார்கள். இனிப்பு இனிப்புதான், கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் டீயிலேயே சுமார் 40 கிராம் சர்க்கரை போய்விடுகிறது. ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பட்டர் ஃப்ரூட் பற்றி எழுதியிருந்தீர்கள். ஏற்காட்டில் விளைகிற பழம், மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பையில் வாங்கி வருவது. நல்ல கொழுப்புதான், ஆனால் கொழுப்பு. 100 கிராமில் சுமார் 160 கலோரி இருக்கிறது, வாழைப்பழத்தைவிடக் கூடுதல். அதைப் பாலும் சர்க்கரையும் போட்டு ஜூஸ் அடித்துப் பெரிய கிளாஸில் குடித்துவிட்டு எடை குறையும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. அரைப் பழம், உப்பும் மிளகும் தூவி, அந்த வேளையில் வேறு எண்ணெய்ப் பண்டம் இல்லாமல் சாப்பிடலாம் என்று ஒரு வரி போட்டிருந்தால் எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

சேலத்துக்காரர்களுக்கு உண்மையில் எடை ஏறுவது சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ராத்திரி பத்து மணிக்குள்தான் என்பது என் எண்ணம். மதியம் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டவர்கள்கூட அந்த நேரத்தில் தளர்ந்துவிடுகிறார்கள். தெருவுக்குத் தெரு தட்டுவடை செட் வண்டி நிற்கிறது. நான் அதை விடச் சொல்ல மாட்டேன், விடவும் முடியாது, நம்ம ஊர் பண்டம் அது. பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் துருவி, காரச் சட்னியும் புதினாச் சட்னியும் வைத்து இரண்டு தட்டுவடைக்கு நடுவில் கொடுக்கிறார்கள், அந்தக் காய் நல்லதுதான், தட்டுவடை எண்ணெயில் பொரித்தது. வண்டிக்காரரிடம் காயைக் கூடப் போடச் சொன்னால் போடுவார், ஒரு பைசா கூடுதல் கேட்க மாட்டார். சிக்கல் எங்கே என்றால், ஒரு செட்டோடு நிற்பதில்லை. அப்புறம் ஒரு நொறுக்கல், பக்கத்துக் கடையில் டீ, பிள்ளைக்கு வாங்கின பப்ஸில் பாதி, வீட்டுக்கு வந்ததும் ஒன்பதரை மணிக்கு ஆறு இட்லி, தோசை ஊற்றினால் அதிலும் ஒன்று. சாயங்காலம் சாப்பிட்டதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சேர்த்துப் பாருங்கள். செட் சாப்பிட்ட அன்று ராத்திரி இரண்டு இட்லி குறையட்டும், வாரத்தில் இரண்டு நாள் செட், மற்ற நாள் தட்டைப்பயறோ பச்சைப்பயறோ சுண்டல் என்று வைத்துக்கொள்ளலாம். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முடித்துக்கொண்டால் தூக்கமும் நன்றாக இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடுகிறது, இது மனப்பிரமை இல்லை, பசியைத் தூண்டுகிற சுரப்பு உடம்பில் உண்மையிலேயே ஏறுகிறது.

ஜவ்வரிசி பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பிழைப்பு மரவள்ளியும் ஜவ்வரிசி ஆலையும்தான், அந்தத் தொழில் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் விரதம் என்று சோற்றை விட்டுவிட்டு ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுகிறவர்கள், அது லேசான உணவு என்று நினைக்கிறார்கள். அது முழுக்க மாவுச்சத்து, புரதமும் நாரும் இல்லை என்றே சொல்லலாம், கலோரி அரிசி அளவுக்கு இருக்கிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடி பசிக்கும். நிலக்கடலையும் காயும் சேர்த்து ஒரு சின்னக் கிண்ணம் என்றால் சரி.

மாம்பழம் வந்துவிட்டால் எல்லாரும் பயப்படுகிறார்கள், அவ்வளவு பயம் தேவையில்லை. 100 கிராம் சதையில் 60 கலோரி சொச்சம்தான். ஆனால் மல்கோவா ஒன்றே அரைக் கிலோ இருக்கும், அதை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். வயிறு நிறையச் சாப்பிட்டபின் மேலே சாப்பிடாமல் சாயங்காலப் பலகாரத்துக்குப் பதிலாகச் சாப்பிடலாம். ஜூஸ் வேண்டாம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாள் கலோரியில் 45 விழுக்காட்டுக்குள்தான் தானியத்திலிருந்து வர வேண்டும் என்றும், நம் நாட்டில் 50 முதல் 70 விழுக்காடுவரை தானியத்திலிருந்தே வருகிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நம் சமையலறைக் கணக்கில் இதை இப்படிச் சொல்லலாம்: எடை குறைய வேண்டிய பெண்ணுக்கு ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசி, வெந்தால் ஒரு நடுத்தரக் கிண்ணம் சோறு. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, பயறு அல்லது முட்டை, மீன். மீதிக் கால்தான் சோறோ களியோ. முதலில் காயையும் பருப்பையும் தட்டில் வைத்துவிட்டு அப்புறம் சோற்றைப் போடுங்கள், இடம் தானாகக் குறையும். தாதகாப்பட்டி, அம்மாப்பேட்டை, சூரமங்கலம் உழவர் சந்தைகளில் காலையில் போனால் பீர்க்கங்காய், சுரைக்காய், முள்ளங்கி, அரைக்கீரை எல்லாம் புதுசாகக் கிடைக்கிறது, இதற்கு ஓட்ஸ் வாங்குகிற செலவு ஆகாது.

நடையைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை, காந்தி மைதானத்திலும் மூக்கனேரிக் கரையிலும் காலையில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள், நல்ல விஷயம். வாரத்துக்கு 150 நிமிடம் போதும். ஆனால் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது 100, 150 கலோரிதான். நடந்து முடித்துவிட்டு வெளியில் டீயும் போண்டாவும் சாப்பிட்டால் அங்கேயே சரிக்குச் சரியாகிவிடுகிறது.

இன்னொன்றும் மனம் விட்டுச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்தக் கட்டுரை வந்த அதே இணைப்பில் ஒரே மாதத்தில் 10 கிலோ குறையும் என்று ஒரு பவுடர் விளம்பரமும் இருந்தது. வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைவதுதான் பத்திரமானது. இன்னின்ன நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1954ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கிற பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. பத்திரிகையில் வந்துவிட்டது என்பதாலேயே நம்பிக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். விளம்பரத்தை ஏற்கும்போது கொஞ்சம் பாருங்கள்.

சேலம் பதிப்பில் வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்க முடிந்தால், நம்ம ஊர் சாப்பாடு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வேளைக்கு எவ்வளவு என்று ஆழாக்கிலும் கரண்டியிலும் ஸ்பூனிலும் போடுங்கள். அரசு மருத்துவமனை உணவியல் நிபுணர் யாரையாவது கொண்டு சரிபார்த்தால் இன்னும் நல்லது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம், டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவையும் பார்த்துக்கொண்டுதான் குறைக்க வேண்டும். கர்ப்பிணிகள் இதில் இறங்கவே கூடாது. இந்த இரண்டையும் ஒவ்வொரு வாரமும் பெரிய எழுத்தில் மேலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், உங்கள் வாசகி,
கன்னங்குறிச்சி, சேலம்.