ஜார்ஜ் எடல்ஜி கையேட்டுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

சட்ட மாணவர்களுக்காக நாங்கள் தொகுத்த எடல்ஜி வழக்குக் கையேடு அச்சாகி வந்துவிட்டது. பம்பாயிலிருந்து இங்கிலாந்து சென்று பாதிரியாரான பார்சி ஒருவரின் மகன் ஜார்ஜ் எடல்ஜி, பர்மிங்காமில் வக்கீல். 1903 ஆகஸ்டில் கிரேட் வைர்லி ஊரில் சுரங்கத்து மட்டக்குதிரை ஒன்றின் வயிற்றை இரவில் கிழித்தார் என்று 7 ஆண்டு கடுங்காவல் விதித்தார்கள்.

முதல் நன்றி கண் மருத்துவர் அம்மாவுக்கு. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், எடல்ஜி குற்றமற்றவர் என்று வாதாடி 1907-இல் வெளியிட்ட கண் பரிசோதனைக் குறிப்பை எங்களுக்கு விளக்கியவர் அவர்தான். எடல்ஜியின் கிட்டப்பார்வைக்கான கண்ணாடி அளவு வலக்கண்ணுக்கு மைனஸ் 8.75, இடக்கண்ணுக்கு மைனஸ் 8.25, கூடவே உருவம் கலங்கித் தெரியும் சிதறல் பார்வை. கண்ணாடி இல்லாவிட்டால் சுமார் 12 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கல். இப்படிப்பட்டவர் மழை இருட்டில் வேலியும் ரயில் தண்டவாளமும் தாண்டி, ஏறக்குறைய அரை மைல் போய்த் திரும்பினார் என்பதுதான் குற்றச்சாட்டு. மருத்துவர் சொன்ன இன்னொன்று எங்களை உலுக்கிவிட்டது. கிட்டப்பார்வை இவ்வளவு கடுமையாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணின் நீளம் கூடுதலாக இருக்கும். விழி துருத்தி, வெறிப்பது போலத் தெரியலாம். கறுத்த நிறத்தோடு அந்தப் பார்வையும் சேர, முகத்தை வைத்தே குணத்தை எழுதிவிட்டார்கள்.

அடுத்து, தோல் பதனிடும் தொழிலில் இருக்கும் அண்ணனுக்கு. எடல்ஜியின் கோட்டில் 29 குதிரை மயிர்கள் இருந்ததாக போலீஸ் மருத்துவர் சொன்னார். ஆனால், அன்று காலை வீட்டார் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை என்றார்கள். குதிரையிலிருந்து வெட்டிய தோல்துண்டையும் துணிகளையும் ஒன்றாகக் கொண்டுபோனார்கள் என்பது டாயிலின் வாதம். பச்சைத்தோல் உரசினாலே கம்பளியில் மயிர் ஒட்டும் என்று அண்ணன் செய்தே காட்டினார்.

கையேட்டின் உயிரான பகுதி வக்கீல் ஐயா தந்தது. குணத்தை எடைபோட மூன்று பத்தி போடச் சொன்னார்: சாட்சி நேரில் கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, தானாக நினைத்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த எண்ணம் எந்தத் தேதியில் பிறந்தது என்றும் குறிக்க வேண்டும். தேதி போட்டதும் வழக்கு வெளுத்துவிட்டது. 1892-இலேயே வால்சால் பள்ளிச் சாவி ஒன்று பாதிரியார் வீட்டு வாசலில் கிடந்தபோது, ஜார்ஜ் அந்தப் பள்ளி மாணவரே இல்லை என்றாலும், காவல் தலைவர் கேப்டன் ஆன்சன் அவரைத்தான் சந்தேகித்தார். குதிரை வெட்டுப்படுவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே முடிவு எழுதியாயிற்று!

'நல்லவர், குடிக்காதவர், படிப்பாளி' என்று அடுக்கியிருந்த எங்கள் முதல் படியையும் ஐயாதான் அடித்துத் திருத்தினார். வெறுப்போடு பார்ப்பவருக்கு அடக்கம் கள்ளத்தனமாகவும் தனிமை சதியாகவும் படும். அதனால் பாராட்டை எடுத்துவிட்டுப் பழக்கங்களை வைத்தோம்: மாலையில் செருப்புத் தைப்பவரிடம் போய் 9.30-க்குத் திரும்பியது, அப்பாவின் அறையில் படுத்தது, இரவில் அப்பா கதவைப் பூட்டுவது.

தீர்ப்பை எதிர்த்து 10,000 பேர் கையெழுத்திட்ட மனுவை முன்னெடுத்த, பகாமாஸ் தீவுகளின் முன்னாள் தலைமை நீதிபதி யெல்வர்டனின் பங்கை விட்டுவிடாதீர்கள் என்று நினைவூட்டிய நூலகருக்கும் நன்றி. டாயிலின் புகழ் யெல்வர்டனை மறைத்துவிடக் கூடாது.

கடைசிப் பக்கத்தில் 'முழு விடுதலை' என்று இருந்ததை நீக்கச் சொன்ன மெய்ப்புத் திருத்துநருக்குத் தனி வணக்கம். 1907 மே மாத மன்னிப்பு குதிரை வழக்குக்கு மட்டும்தான். கால்நடைகள் வெட்டுப்பட்டது பற்றிப் போலீசுக்கு வந்த மொட்டைக் கடிதங்களை எழுதியவர் எடல்ஜியே என்ற பழியை அரசு விலக்கவில்லை. இழப்பீடாக ஒரு காசும் தரவில்லை. கையேட்டில் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

அன்புடன்,
தொகுப்புக் குழுவினர்