குளிரும் ஒரு லத்திதான்

ஐயா, போலீஸ் ஸ்டேஷன்ல அடி உதையைத் தடுக்கிற கேமரா பத்தி நீங்க எழுதின தலையங்கம் படிச்சேன், சரியாதான் எழுதியிருக்கீங்க, ஆனா அடிச்சாதான் சித்திரவதைங்கிற மாதிரி ஒரு தொனி தெரியுது. எங்க நீலகிரி மலையில லத்தியே வேண்டாம், குளிரே போதும். சில வருஷம் முன்னாடி எங்க எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பையன் ஒருத்தனை, தண்ணி மோட்டார் திருடினான்னு கூட்டிட்டுப் போய், உறைபனி விழற ஜனவரி ராத்திரியில வெறும் பனியனோட சிமெண்ட் தரையில தூங்கவிடாம உக்கார வெச்சாங்க, விடியறதுக்குள்ள ஒத்துக்கிட்டான் (கேட்டிருந்தா தொட்டபெட்டா சிகரத்தையே திருடினேன்னு சொல்லியிருப்பான்), கடைசியில மோட்டார் மேட்டுப்பாளையத்துல ஒரு பழைய இரும்புக் கடையில கிடைச்சுது, வித்தது வேற ஆள். உடம்புல ஒரு கீறல் கூட இல்ல, டாக்டர் என்னன்னு எழுதுவார்?

இத்தனைக்கும் போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லாதுன்னு 1872 சாட்சியச் சட்டத்துலயே இருக்கு, அதுக்குப் பதிலா 2023ல கொண்டுவந்த புது சாட்சியச் சட்டத்துலயும் அதை நீக்கல. விசாரணை நடக்கும்போது வக்கீலைப் பார்க்கலாம், 48 மணி நேரத்துக்கு ஒருதடவை மருத்துவப் பரிசோதனை பண்ணணும்னு 1996லயே டி.கே.பாசு வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, யாருக்குத் தெரியும்? அந்தப் பையனோட அம்மா அன்னைக்கு ஓடினது வக்கீல்கிட்ட இல்ல, எஸ்டேட் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு. இலவச சட்ட உதவிக்கான 15100 நம்பரை ஒவ்வொரு லைன் வீட்டுச் சுவத்துலயும், ரேஷன் கடையிலயும் பெருசா பெயிண்ட்ல எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு பண்ணணும், அதுவும் இந்தப் பனிக்காலம் வர்றதுக்குள்ள.

ஒரு வாசகர், கோத்தகிரி