வண்டிக்கு மட்டும் கடன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

காரைக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் பெயர்சூட்டு விழா நல்லபடியாக நடந்ததை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். குழந்தையை ஒருமுறை இங்கே அழைத்துவரச் சொன்னார்கள். இங்கே எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலிதான் சற்றுக் கூடியிருக்கிறது.

ஏழு பேர் அமரக்கூடிய எஸ்யூவி ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். தம்பி குடும்பமும் எங்களோடு இருப்பதால், பிள்ளையார்பட்டிக்கோ வைரவன்பட்டிக்கோ போவதென்றாலும் இரண்டு வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களின் சாமான்களை ஏற்றிச் செல்ல ஒவ்வோர் ஆண்டும் வாடகை வண்டி பிடிக்கிறோம். எந்த வண்டி என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை. ஆத்தா ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு படி பொருத்தினால் போதும். பணத்தை எப்படிக் கட்டுவது என்பதில்தான் எனக்கும் மகனுக்கும் கருத்து ஒத்துவரவில்லை. வங்கியில் பல ஆண்டுகள் கடன் பிரிவைப் பார்த்தவன் நீ என்பதால் முழுக் கணக்கையும் எழுதுகிறேன்.

ஷோரூம் விலை 14 லட்சம். சாலை வரி 2,52,000 ரூபாய்; 2023 நவம்பரிலிருந்து நம் மாநிலத்தில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம் ஆகிவிட்டது உனக்குத் தெரியும். காப்பீடு 55,000. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரு சதவீதமாக விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரியான டி.சி.எஸ். 14,000, இதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பதிவு முதலிய சில்லறைச் செலவுகளையும் சேர்த்தால் சாலைக்கு வரும்போது 17,30,000 ரூபாய். விற்பனையாளர் சொல்லும் வழி மிக எளிதானது: 30,000 ரூபாய் முன்பணம் கட்டினால் போதும், மீதி 17 லட்சத்துக்கும் 9 சதவீத வட்டியில் ஏழாண்டுக் கடன், மாதத் தவணை 27,351 ரூபாய். மகனுக்கு இது பிடித்திருக்கிறது. கையில் உள்ள பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் வட்டியைவிட அதிகம் வரும் என்கிறான். வரலாம். ஆனால் அது வராத ஆண்டிலும் தவணை தேதி தவறாமல் வரும்.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்த 14 லட்சத்திலேயே 4 லட்சம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய வண்டிகளுக்கு 40 சதவீதம் என்று ஆனது. முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்ந்து இதைவிடக் கூடுதலாகவே இருந்தது என்றாலும், நான்கு மீட்டருக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கொண்ட வண்டிகளுக்கு 18 சதவீதம்தான் என்பதை நினைத்தால் இது பெரிய தொகை. ஆக, சாலைக்கு வரும் 17,30,000 ரூபாயில் வண்டி என்ற பொருளின் விலை 10 லட்சம்தான். மற்றவை வரியும் காப்பீடும் செலவுகளுமாகப் போகின்றன. அவற்றுக்கும் ஏழாண்டு வட்டி கட்டுவதாக இருந்தால், நம் கையில் இல்லாத ஒன்றுக்கு வட்டி கட்டுகிறோம் என்றுதான் பொருள்.

இதன் விளைவு மூன்றாம் ஆண்டில் தெரியும். 36 தவணைகள் கட்டிய பிறகும் அசல் ஏறக்குறைய 11 லட்சம் மீதி நிற்கும். இரண்டு முதல் மூன்று ஆண்டு வயதுள்ள வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பு போடும்போது ஷோரூம் விலையில் 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஷோரூம் விலை இப்போதுள்ளபடியே இருந்தால் 9,80,000 ரூபாய். விபத்தில் வண்டி முற்றிலும் சேதமடைந்தால், காப்பீட்டுத் தொகை முழுவதும் வங்கிக்குப் போன பிறகும் நான் ஒரு லட்சத்துக்கு மேல் கடன்காரனாக நிற்பேன், வீட்டில் வண்டியும் இராது. தேய்மானம் கழிக்காமல் வாங்கிய விலையையே தரும் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் காப்பு எடுத்தால் சேதத்துக்கு ஈடு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தொழில் மந்தமாகி வண்டியை விற்க நேர்ந்தால் அந்தக் காப்பு உதவாது.

ஆகவே வண்டிக்கு மட்டும் கடன், வரிக்கும் காப்பீட்டுக்கும் கைப்பணம் என்று நான் நினைக்கிறேன். 10 லட்சம் கடன், ஐந்தாண்டு, அதே 9 சதவீதம் என்றால் தவணை 20,758 ரூபாய். மூன்றாண்டு முடிவில் பாக்கி சுமார் நாலரை லட்சம்தான். மொத்த வட்டி 2,45,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஏழாண்டுக் கடனிலோ அது 6 லட்சத்தை நெருங்குகிறது. இந்த இரண்டையும் கழித்து அவ்வளவும் லாபம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் கைப்பணத்துக்காக நான் எடுக்கும் வைப்புத்தொகையும் ஆறரை சதவீதம் ஈட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 20 சதவீத வரி போக அதில் எனக்கு நிற்பது 5.2. இங்கே 5.2 வாங்கிக்கொண்டு அங்கே 9 கொடுப்பது, நம்மூர்க் கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த எவருக்கும் ஒப்பாத கணக்கு. ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தில் மட்டும் கைவைக்க மாட்டேன்.

இடையில் ஒரு நிதி நிறுவன முகவர் வந்து "ஏழு வட்டிதான்" என்றார். பிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாமல் முதல் நாள் தொகையான 10 லட்சத்துக்கே ஐந்தாண்டும் கணக்கிட்டால் 3,50,000 ரூபாய் வட்டி, தவணை 22,500. குறையும் பாக்கியின் மேல் போட்டுப் பார்த்தால் அது 12.5 சதவீதம். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், வங்கி கேட்பது மாதம் நூற்றுக்கு முக்கால் ரூபாய் வட்டி, இவர் கேட்பது ஒரு ரூபாய்க்கும் மேலே. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னையிலும் ரங்கூனிலும் திறந்த அதே நாளில் காரைக்குடியிலும் திறந்தது, அப்படிப்பட்ட ஊரிலேயே இன்று "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டியை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டேன். முகவர் அதன்பின் வரவில்லை.

விற்பனையாளரிடம் இன்னொரு சலுகையும் உண்டு. அவர்கள் சொல்லும் நிறுவனத்தில் கடன் வாங்கினால் 8 சதவீதம். வெளியில் வாங்கினால் விலையில் 60,000 ரூபாய் தள்ளுபடி. வீட்டில் எல்லோரும் குறைந்த வட்டியையே விரும்பினார்கள். 10 லட்சத்துக்கு ஐந்தாண்டில் அந்த ஒரு சதவீதம் மிச்சப்படுத்துவது ஏறக்குறைய 29,000 ரூபாய், அதுவும் மாதம் 482 ரூபாயாகத்தான். தள்ளுபடியோ முதல் நாளே கைக்கு வருகிறது. ஆகவே 9 சதவீதமே எனக்கு மேல். காப்பீட்டையும் அவர்களிடமே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், வெளியில் விலை கேட்டிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் உன் உதவி வேண்டும். மூன்றாம் ஆண்டில் தம்பியின் வைப்புத்தொகை ஒன்று முதிர்கிறது. அதைக்கொண்டு கடனை முன்கூட்டியே அடைக்க விரும்புகிறோம். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் தனிநபரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நிலையான வட்டி என்றால் கேட்பார்கள். எனக்கு வந்திருப்பது நிலையான வட்டி. அரைச் சதவீதம் கூடுதலானாலும் மாறும் வட்டியில் வாங்குவது நல்லதா, அல்லது முன்னடைப்புக் கட்டணத்தைக் குறைக்கும்படி கிளை மேலாளரிடம் இப்போதே பேசி எழுதி வாங்கிக்கொள்ள முடியுமா? நடைமுறையில் அதற்கு இணங்குவார்களா என்பது உனக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் திருச்சிக்குப் போய் முன்பதிவு செய்வதாக இருக்கிறோம். அதற்குள் இரண்டு வரியாவது எழுது.

அன்புடன்,
உன் நண்பன்