அளவுமானி ஆலைக்குள் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலேசிய அரசாங்கத்தின் 2030 புதிய தொழில்துறைப் பெருந்திட்டத்தில் 3,000 ஆலைகள் கணினி கண்காணிக்கும் திறன்மிகு ஆலைகளாகும் என்று தங்கள் நாளிதழில் படித்தேன். நல்லதுதான், ஆனால் அதே திட்டம் கரிம வெளியீட்டைக் குறைப்பதையும் பேசுகிறதே, இரண்டையும் தனித்தனியாக ஓட்டினால் செம்பனை ஆலைகளில் கணினி எண்ணெயை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருக்கும். நான் வேலை செய்த செம்பனை ஆலையில் கொதிகலன் அழுத்தம் நொடிக்கு நொடி திரையில் ஓடும். பின்னால் இருந்த கழிவுநீர்க் குட்டைக்கோ கயிறு கட்டிய வாளியும் எண்ணெய் படிந்த ஒரு நோட்டுப் புத்தகமும்தான் (மழை பெய்தால் அதுவும் கிடையாது). அங்கே குமிழியிடும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் சூடேற்றும்; பிடித்து எரித்தால் மின்சாரம்.

சரி, அரசாங்கச் சலுகை கேட்கும் ஆலை முதல் அளவுமானியைக் குட்டையில் பொருத்தட்டும், அப்புறம் அந்த மீத்தேன் அளவைத் தோட்ட முச்சந்தியில் மலாயிலும் தமிழிலும் பலகை வைத்துக் காட்டட்டும்.

வாசகர்,
சுங்கை சிப்புட்