மூச்சு முட்டும் அலையாத்தி

ஆசிரியருக்கு,

மும்பையில் தாராவியை ஒட்டிய மாகிம் கழிமுகத்தில் நீர் வடியும் நேரம் போய்ப் பாருங்கள். அலையாத்தி மரங்கள் சுவாசிக்கச் சேற்றுக்கு மேலே நீட்டும் வேர்களில் பால் பாக்கெட்டும் குட்கா உறையும் சுற்றிக் கிடக்கின்றன. அந்த வேர்களின் நடுவேதான் நண்டும் மீன்குஞ்சும் வளர வேண்டும். (குப்பை தாராவியுடையது மட்டுமல்ல, மித்தி ஆறு பாதி ஊரைச் சுற்றித்தான் இங்கே வருகிறது.)

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. ஆற்றையும் அலையாத்தியையும் நெருக்கியதன் பலனை அன்று வெள்ளமாகக் கண்டோம். அதே ஆண்டு மும்பை உயர் நீதிமன்றம் அலையாத்தியை அழிக்கத் தடை விதித்தது. சரி, கோடாரி நின்றது என்றே வைத்துக்கொள்வோம். குப்பைக்கு யார் தடை போடுவது? பக்கத்தில் இருக்கும் இயற்கைப் பூங்காவும் ஒரு காலத்தில் குப்பைமேடுதானே, அதை மாற்ற முடிந்ததே! மாநகராட்சிக்காரர்களே, அடுத்த மழைக்கு முன்பாவது மித்தியில் சேரும் நாலாக்களின் (சாக்கடைக் கால்வாய்களின்) வாயில் வலை கட்டுங்கள். அப்புறம், அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகாதீர்கள்.

- ஒரு வாசகர், தாராவி, மும்பை