நம் தெரு அந்த வரைபடத்தில் இருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தம்பி கையில் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. போன் செய்தால் "அப்புறம் பேசுறேன்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். பெரியம்மா வீட்டு விஷயம் நல்லபடியாக முடிந்தது. நேரில் சொல்கிறேன்.

காலேஜ் சுற்றுச்சூழல் கிளப் வேலை எப்படிப் போகிறது? நீ செயலாளர் ஆனதை அப்பா ஆபீசில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். உன்னிடம் மட்டும் சொல்ல மாட்டார், அவரைப் பற்றி உனக்குத் தெரியாததா. மெஸ்ஸில் மிச்சமாகும் சோறு, காய்த்தோல் எல்லாவற்றையும் நீங்களே உரமாக்குகிறீர்கள் என்று தம்பி சொன்னான். கேட்கப் பெருமையாக இருந்தது.

எனக்குப் பயம், கடல் ஆமை முட்டைகளைத் தேடிப் போகிறீர்களே, அந்த ஆமை நடைதான். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியெல்லாம் மணலில் நடப்பது லேசான காரியமா? 1988லிருந்து மாணவர்கள்தான் இப்படி நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. 2025 ஜனவரியில் அத்தனை ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கியதைப் பேப்பரில் பார்த்தபோது எனக்கும் சோறு இறங்கவில்லை. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாகப் போகாதே. எல்லோரோடும் போ, எல்லோரோடும் திரும்பு. வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு வைத்து ஓ.டி. கொடுப்பார்கள் என்று நம்பி வகுப்பை விடாதே. ஒரு அரியர் விழுந்தாலும் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரவே விடமாட்டார்களாம்.

பொங்கலுக்குப் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது, வர முடியாது என்றாய். சரி. நான் விசாரித்தேன். எங்கே இருந்தாலும் கால் மணி நேரம் நின்று எண்ணி, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதுமாமே? நம் மொட்டை மாடியிலிருந்தே எண்ணியிருக்கலாமே பாப்பா. அன்று காலையில் நான் போய் நின்றேன். மூலைக் காலி மனையில், நீலத் தாழைக்கோழி என்று நீ காட்டிக்கொடுப்பாயே, அது ஒன்று நின்றது. ஒரு காலால் கோரைத் தண்டைப் பிடித்துத் தூக்கி, சிவப்பு அலகால் பட்டை பட்டையாக உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டை மட்டும் தின்றது. பொங்கல் பானையை அடுப்பில் வைத்ததுகூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது கணக்கில் சேரவில்லை.

கண்காட்சிக்கு நீங்கள் போட்ட வரைபடத்தைத் தம்பி போனில் காட்டினான். ஒரு காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 5,000 எக்டேருக்கு மேல் இருந்தது, 2022ல் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 1,248 எக்டேர்தான் என்று ஓரத்தில் உன் கையெழுத்து. பழைய சதுப்பு நிலம் முழுக்க நீலம். நம் தெரு அந்த நீலத்துக்குள் இருக்கிறது. பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் பெயர் எழுதியிருக்கிறாய், நம் தெருவுக்கு மட்டும் எழுதவில்லை.

இந்த மனைக்குப் பட்டா இருக்கிறது, அப்ரூவல் இருக்கிறது, பேங்க்காரர்கள் வந்து பார்த்துத்தான் லோன் கொடுத்தார்கள். என் வளையல்களும் பாட்டி போட்ட சங்கிலியும் இந்தச் சுவரில்தான் இருக்கின்றன. நம் சம்பாத்தியத்துக்குச் சென்னையில் கிடைத்த இடம் இது. நாங்கள் யாருடைய ஏரியையும் வளைத்துப் போடவில்லை. இதை நீ உன் கிளப்பிலும் சொல்ல வேண்டும்.

தண்ணீர் வந்தது எனக்குத் தெரியாததல்ல. 2015 டிசம்பரில் உன் பள்ளிப் புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றியவள் நான்தானே. 2023ல் மிக்ஜாம் புயலுக்கும் அதே பரண். தென்சென்னை ஏரிகளின் உபரித் தண்ணீர் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளத்தில் கடலுக்குப் போகிறது, நடுவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்று நீ அன்று சொன்னாய். அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்தார். நீயும் சாயங்காலமே ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டாய்.

அதன் பிறகு நான் பால்காரம்மாவைக் கேட்டேன். சின்ன வயதில் நம் தெரு முனையில்தான் பாய்க்குக் கோரை அறுப்பார்களாம். ஆழம் எங்கே, மாடு இறங்கும் துறை எங்கே, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், லாரியில் மண் கொண்டுவந்து முதலில் கொட்டியது எந்த இடம் என்று வாசலில் நின்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். உங்கள் வரைபடத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. செயற்கைக்கோள் படத்தை வைத்து நிறம் அடித்துவிட்டீர்கள். இங்கே குடியிருக்கிற ஒருவரிடமாவது வந்து கேட்டீர்களா? கேட்டால் கோபப்படுவார்கள்தான், வீட்டை இடிக்க வந்திருக்கிறார்களோ என்று பயப்படுவார்கள். இரண்டு தடவை வந்தால் அவர்களே சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டுவார்கள். காலி மனைகளில் இப்போதும் மண் கொட்டுகிறார்கள், வடிகால் அடைத்துக் கிடக்கிறது. யாரிடம், எப்படி மனு கொடுப்பது என்று இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரியும். படித்த பிள்ளை, வெளியே நின்று கணக்குச் சொல்லிவிட்டுப் போகலாமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை வா. கிளப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமையே தம்பியிடம் சொல், மாவு அரைக்க வேண்டும். பால்காரம்மா பத்து மணிக்கு மேல் ஓய்வாக இருப்பார். வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு வா, அதில் நம் தெருப் பெயரையும் எழுதிவிடு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் பேசிக்கொள்கிறேன், அது என் பாடு.

ராத்திரியில் தனியாகப் போகாதே. டார்ச்சுக்கு நல்ல பேட்டரி வாங்கிப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா